கம்பைலர் வேலை வாடிக்கையாளருக்கு எதற்கு? சிஐபில்டுவீலோடு இரண்டு வருடம்

"ஏனுங்க தம்பி, நீங்க சொன்ன மாதிரியேதான் அடிச்சேன். செவப்பு செவப்பா ஓடுதுங்க. கடைசியில விசுவல் சி பதினாலு வேணும்னு நிக்குதுங்க. அது எங்க விக்குதுங்க?"

கோவை கணபதிப் பக்கம் பம்ப்செட் தயாரிக்கும் ஒருவர் போனில் கேட்டது இது. அவர் பட்டறையின் பின்பக்கம் ஒரு சோதனைத் தொட்டி இருக்கிறது. பம்பை ஏற்றி ஓடவிட்டால் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேறும் தண்ணீரின் அளவு), ஆம்ப்ஸ் எல்லாம் நொடிக்குப் பலமுறை பேனலில் பதிவாகும். பேனல் அதை ஒரு பைனரி கோப்பாக எழுதும். அந்தக் கோப்பைப் படித்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் பைத்தான் மாட்யூல் நான் எழுதியது. படிக்கும் பகுதி மட்டும் சி மொழியில். பைத்தானிலேயே எழுதிப் பார்த்தேன், ஒரு நாள் பதிவைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். சி-யில் எழுதியதும் கண்ணிமைக்கும் நேரம்தான்.

அந்த வேகத்துக்கான விலையை அன்று அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்திருந்தது மூலநிரல் பொட்டலம். பைத்தான் மாட்யூல்களை நிறுவும் பிப் என்ற கருவி அதை இறக்கி, அவருடைய கணினியிலேயே கம்பைல் செய்ய, அதாவது இயந்திர மொழிக்கு மாற்ற, பார்த்திருக்கிறது. விண்டோஸில் கம்பைலர் தானாக இருக்காது. பில்டு டூல்ஸ் என்று பல ஜிபி இறக்கி நிறுவ வேண்டும். பம்ப் செய்கிறவர் எதற்கு அதைச் செய்ய வேண்டும்? எங்கே விற்கிறது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இந்த விமர்சனம் அதற்கு அப்புறம் நான் பிடித்துக்கொண்ட கருவியைப் பற்றியது. பெயர் சிஐபில்டுவீல். ஜோ ரிக்கர்பி தொடங்கியது, 2017இலிருந்து இருக்கிறது, இப்போது பைத்தான் பேக்கேஜிங் அத்தாரிட்டியின் குடையின் கீழ் பலர் சேர்ந்து பராமரிக்கிறார்கள். காசு கிடையாது, திறந்த மூலம்.

வீல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. கம்பைல் செய்து முடித்த மாட்யூலை அப்படியே பொட்டலம் கட்டி வைத்தால் அதுதான் வீல். உள்ளே பார்த்தால் சாதாரண ஜிப் கோப்பு. (சக்கரம் இல்லை, பாலாடைக்கட்டியை வட்டமாக வார்ப்பார்களே, அந்த வட்டு. பைத்தான் மாட்யூல்கள் இறக்கக் கிடைக்கும் பைபிஐ தளத்துக்கு ஆரம்பத்தில் சீஸ் கடை என்ற செல்லப்பெயர் இருந்தது.) வீலின் கோப்புப் பெயரிலேயே எந்தப் பைத்தான் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தச் சிப் என்று எழுதியிருக்கும். பிப் அந்தப் பெயரைப் படித்து, தன் கணினிக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பொருந்துவது எதுவும் இல்லை என்றால் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யக் கிளம்பிவிடும். சிவப்பு எழுத்து ஓடுவது அங்கேதான்.

அப்படியானால் எல்லாக் கணினிக்கும் நாமே வீல் கட்டிவைத்தால் போதாதா? போதும். எத்தனை கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. என் வாடிக்கையாளர்களிடம் பைத்தான் 3.8 முதல் 3.13 வரை ஆறு பதிப்புகள் இருந்தன. விண்டோஸ், இன்டெல் மேக், ஆப்பிள் சிப் மேக், வழக்கமான லினக்ஸ், ராஸ்ப்பெரி பை மாதிரியான ஏஆர்எம் லினக்ஸ், டாக்கர் என்ற தனிப்பெட்டிச் சூழலில் ஓடும் ஆல்பைன் லினக்ஸ் என்று மேடைகளும் ஆறு. ஆறாறு முப்பத்தாறு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முப்பத்தாறு கோப்புகள்!

முதலில் கையால்தான் செய்தேன். விண்டோஸ் லேப்டாப் ஒன்று, உபுண்டு 22.04 போட்ட மேசைக் கணினி ஒன்று, நண்பரின் மேக்புக் சனிக்கிழமைகளில் மட்டும். உபுண்டுவில் கட்டியதை இன்னொரு வாடிக்கையாளரின் சர்வரில் போட்டபோதுதான் லினக்ஸ் பாடம் சரியாகப் புரிந்தது. அவரிடம் இருந்தது 20.04. நிறுவல் சுத்தமாக முடிந்தது, இம்போர்ட் செய்த உடனே ஜிலிப்சி 2.34 காணவில்லை என்று நின்றுவிட்டது. ஜிலிப்சி என்பது வழக்கமான லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படை சி நூலகம். 22.04இல் அது 2.35, 20.04இல் 2.31. புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். ஆக, எவ்வளவு பழைய லினக்ஸில் கட்டுகிறோமோ அவ்வளவு பேருக்குப் போய்ச் சேரும்.

இந்த யோசனையைத்தான் மெனிலினக்ஸ் என்ற பெயரில் 2016இலேயே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் விதி சென்ட்ஓஎஸ் 5ஐ அடித்தளமாகக் கொண்டது, ஜிலிப்சி 2.5. அப்புறம் சென்ட்ஓஎஸ் 6. பிறகு மெனிலினக்ஸ்2014, சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. ஒவ்வொரு தடவையும் புதுப் பெயருக்காகக் காத்திருப்பது கஷ்டம் என்று பின்னால் ஜிலிப்சி எண்ணையே பெயரில் போட்டுவிட்டார்கள்: மெனிலினக்ஸ் 2_28, அதற்கு அல்மாலினக்ஸ் 8. ஒவ்வொன்றுக்கும் டாக்கர் படிமம் தயாராகக் கிடைக்கிறது, உள்ளே எல்லாப் பைத்தான் பதிப்புகளும் வரிசையாக அடுக்கியிருக்கும்.

சிஐபில்டுவீல் செய்வது என்னவென்றால், இந்த முப்பத்தாறு வேலையையும் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (நாம் ஏற்றும் நிரலைத் தன் கணினிகளில் ஓட்டிக் கொடுக்கும் சேவை, அந்தக் கணினிகளுக்கு ரன்னர் என்று பெயர்) விண்டோஸ், மேக், லினக்ஸ் ரன்னர்கள் மூன்றிலும் ஒரே கட்டளையை ஓட விடுகிறோம். லினக்ஸில் அது டாக்கர் படிமத்தை இறக்கி உள்ளே போய்க் கட்டும். விண்டோஸிலும் மேக்கிலும் ஒவ்வொரு பைத்தானையும் தானே இறக்கி நிறுவிக் கட்டும். கட்டிய வீலைப் பழுதுபார்க்கும். பழுதுபார்த்ததைப் புதிய மெய்நிகர் சூழலில் நிறுவி, நாம் எழுதிய சோதனைகளை ஓட்டும். எல்லாம் தேறினால்தான் கோப்பு வெளியே வரும்.

பழுதுபார்ப்பது என்று சொன்னேனே, இந்தக் கருவியில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். என் மாட்யூல் இசட்-ஸ்டாண்டர்டு என்ற சுருக்க நூலகத்தைப் பயன்படுத்துகிறது, பேனல் பதிவுகளை அதில்தான் சுருக்கி வைக்கிறோம். என் கணினியில் அந்த நூலகம் இருக்கிறது, வாடிக்கையாளர் கணினியில் இருக்குமா? லினக்ஸில் ஆடிட்வீல் என்ற துணைக்கருவி கட்டிய கோப்பைத் திறந்து, அது யார் யாரைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்கும். எல்லா லினக்ஸிலும் இருக்கும் என்று விதியில் ஒப்புக்கொண்ட நூலகங்களைத் தொடாது. மற்றவற்றை நகலெடுத்து வீலுக்குள்ளேயே ஒரு தனி அடைவில் வைத்துவிடும்.

நான் ஒரு வீலை ஜிப் மாதிரி பிரித்துப் பார்த்தேன். இசட்-ஸ்டாண்டர்டு கோப்பு உள்ளே இருந்தது, ஆனால் பெயரின் நடுவில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எட்டு எழுத்து அடையாளம் (ஹாஷ்) ஒன்று செருகியிருந்தது. ஏன் தெரியுமா? இன்னொரு மாட்யூலும் தன் பங்குக்கு இதே நூலகத்தின் வேறு பதிப்பைக் கொண்டுவந்தால் இரண்டும் பெயரில் மோதக் கூடாது. நம் மாட்யூலுக்குள்ளும் அந்தப் புதுப் பெயரையே தேடும்படி மாற்றி எழுதிவிடுகிறது. எப்போதோ ஒரு நாள் யாரோ ஒருவர் கணினியில் வரக்கூடிய சிக்கலுக்கு முன்கூட்டியே வழி செய்திருக்கிறார்கள். இதை நானாக எழுதியிருந்தால் இந்த மோதலை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

மேக்கில் இதே வேலையை டெலோகேட் செய்கிறது. விண்டோஸில் டெல்வ்வீல் இருக்கிறது, ஆனால் நான் அமைத்தபோது விண்டோஸுக்குப் பழுதுபார்ப்புக் கட்டளை இயல்பாக எதுவும் இல்லை, நாமே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை மறந்தால் கட்டுவது எல்லாம் சரியாக நடக்கும். சோதனையும் சிலசமயம் தேறிவிடும், ஏனென்றால் ரன்னரில் அந்த நூலகக் கோப்பு (விண்டோஸில் டிஎல்எல் என்பார்கள்) தேடும் பாதையிலேயே கிடக்கலாம். வாடிக்கையாளர் கணினியில் போட்டால் மட்டும் டிஎல்எல் லோடு ஆகவில்லை என்று வரும். புதிதாக அமைப்பவர்கள் தங்கள் பதிப்பின் ஆவணத்தில் இதை முதலில் பாருங்கள்.

அமைப்பது சுலபமா? சாதாரண சி மாட்யூலுக்கு ஒரு மணி நேரம் போதும். திட்டத்தின் அமைப்புகளை எழுதும் பைபுராஜெக்ட் டாமல் கோப்பில் பத்துப் பதினைந்து வரி. எந்தப் பைத்தான்கள் வேண்டும், எதை விட வேண்டும், கட்டுவதற்கு முன் என்ன நிறுவ வேண்டும், என்ன சோதனை ஓட வேண்டும், அவ்வளவுதான். இதையே சூழல் மாறிகளாகவும் கொடுக்கலாம், பழைய எடுத்துக்காட்டுகள் பல அப்படித்தான் இருக்கும். அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. மேற்கோள்குறிக்குள் மேற்கோள்குறி வரும்போது விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். டாமலில் எழுதினால் ஒரே இடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

சோதனைக் கட்டளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை எழுதாமல் விட்டாலும் கருவி ஓடும். தயவுசெய்து விடாதீர்கள்.

போன வருடம் பேனல்களில் நேரத்தை நொடிக்குப் பதில் மில்லிநொடியில் பதிய ஆரம்பித்தோம். என் சி நிரலில் நேரத்தை லாங் என்ற வகையில் வைத்திருந்தேன். உபுண்டுவில் ஓட்டினேன், சரி. நண்பரின் மேக்கிலும் சரி. கிட்ஹப்பில் ஏற்றினேன், விண்டோஸ் ரன்னர் மட்டும் சிவப்பு. சோதனையில் நான் கொடுத்திருந்த நேரம் 1700000000000. விண்டோஸில் திரும்பி வந்தது மைனஸ் 807049216. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உறைத்தது: 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் என்பது 8 பைட், 64 பிட் விண்டோஸிலோ அது இன்னும் 4 பைட்தான். நொடியில் இருந்தவரை எண் சிறியது, 4 பைட்டில் அடங்கியது. மில்லிநொடிக்கு வந்ததும் வழிந்துவிட்டது. அளவைப் பெயரிலேயே சொல்லும் 64 பிட் முழு எண் வகைக்கு மாற்றினேன், ஐந்து நிமிட வேலை. அந்தச் சோதனை இல்லாமல் வெளியிட்டிருந்தால் கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளில் வரைபடம் எல்லாம் 1969, 1970ஆம் வருடத் தேதிகளில் வந்திருக்கும். பம்பைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், பேனலைக் கழற்றியிருப்பார்கள்.

முப்பத்தாறு கோப்பு என்று சொன்னேன், இப்போது ஆறுதான். பைத்தானில் நிலையான ஏபிஐ என்று ஒன்று இருக்கிறது, பதிப்பு மாறினாலும் மாறாது என்று உறுதி சொன்ன இடைமுகம், 3.2 காலத்திலிருந்தே. அதற்குள் அடங்கி எழுதினால் 3.8க்குக் கட்டிய வீல் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். சிஐபில்டுவீல் இதைப் புரிந்துகொள்கிறது. 3.8க்குக் கட்டி முடித்ததும், 3.9க்கு வரும்போது ஏற்கெனவே கட்டிய வீல் இதற்கும் பொருந்துகிறது, கட்டும் படியைத் தாண்டுகிறேன் என்று பதிவில் எழுதிவிட்டு, சோதனையை மட்டும் ஓட்டுகிறது. அருமையான ஏற்பாடு.

அடங்கி எழுதுவதற்குச் சிரமம் உண்டு. பைனரி தரவைக் கையாள வசதியான பஃபர் இடைமுகம் 3.11இல்தான் அந்த நிலையான வட்டத்துக்குள் வந்தது. 3.8 வேண்டும் என்றால் அதைத் தொட முடியாது. நான் பைட்ஸ் ஆப்ஜெக்ட் வழியாகவே வாங்கித் திருப்பிக் கொடுக்கும்படி மாற்றினேன், ஒரு நகல் கூடுதல். என் கோப்பு அளவுக்கு அது தெரியவில்லை. நம்பை என்ற எண்கணக்கு நூலகத்தின் அணிகளோடு நெருக்கமாக வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு இல்லாத புதிய பைத்தான் 3.13 பில்டுக்கும் இந்த நிலையான ஏபிஐ செல்லாது, அது வேண்டும் என்றால் தனியாகக் கட்ட வேண்டும்.

மேக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஹோம்ப்ரூ என்ற மேக் நிறுவல் கருவி வழியாக ஒரு நூலகத்தை நிறுவினால், அது அந்த ரன்னரில் இருக்கும் மேக்ஓஎஸ் பதிப்புக்காகக் கட்டப்பட்டதாக இருக்கும். நம் வீல் பழைய மேக்ஓஎஸிலும் ஓடும் என்று பெயரில் சொல்கிறது, உள்ளே இருக்கும் நூலகமோ புதியதைக் கேட்கிறது. டெலோகேட் இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதுதான் நல்லது, ஆனால் முதல் தடவை பார்க்கிறவருக்கு அந்தப் பிழைச்செய்தி ஒன்றும் புரியாது. நான் ஹோம்ப்ரூவை விட்டுவிட்டு, குறைந்தபட்ச மேக்ஓஎஸ் பதிப்பைக் குறித்து, இசட்-ஸ்டாண்டர்டை மூலநிரலிலிருந்தே கட்டிக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குப் போனது.

மேக் வீலை மேக்கில்தான் கட்ட முடியும், விண்டோஸ் வீலை விண்டோஸில்தான். ஒரே லேப்டாப்பில் எல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸுக்கு மட்டும் டாக்கர் இருந்தால் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் கிட்ஹப்பில் ஏற்றிக் காத்திருக்காமல், லினக்ஸ் பகுதியை வீட்டிலேயே சரிபார்த்துவிட்டு ஏற்றுவது என் வழக்கம்.

ஏஆர்எம் லினக்ஸ் முதலில் ரொம்ப மெதுவாக இருந்தது. இன்டெல் ரன்னரில் கியூஇஎம்யூ என்ற பாவனைக் கருவியை வைத்து ஏஆர்எம் சிப் இருப்பது போல ஓட்ட வேண்டும். என் சின்ன மாட்யூலுக்கே முக்கால் மணி நேரம். 2025 ஜனவரியிலிருந்து திறந்த மூலத் திட்டங்களுக்கு உண்மையான ஏஆர்எம் லினக்ஸ் ரன்னர்களே கிட்ஹப்பில் கிடைக்கின்றன. ரன்னர் பெயரை மாற்றினேன், ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

இன்னொரு விஷயம், இது கருவிக்கு வெளியே நடப்பது. அந்த 20.04 சர்வருக்குத் திரும்பப் போனேன், இந்தத் தடவை மெனிலினக்ஸ் 2_28 வீலோடு. ஜிலிப்சி 2.31 இருக்கிறது, 2.28 தானே கேட்கிறோம், ஓட வேண்டும். ஆனால் பிப் மறுபடியும் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யப் போனது! காரணம், அந்த உபுண்டுவோடு வரும் பிப் 20.0.2. எண் போட்ட புதிய மெனிலினக்ஸ் பெயர்களை பிப் 20.3இலிருந்துதான் புரிந்துகொள்ளும். பிப்பை மேம்படுத்தியதும் வீல் வந்து உட்கார்ந்தது. சிஐபில்டுவீல் 3 இயல்பாக 2_28இல்தான் கட்டும். பழைய கணினிகள் உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருந்தால் மெனிலினக்ஸ்2014ஐக் கேட்டு வாங்குங்கள். அந்த வீல்களின் கோப்புப் பெயரில் பழைய பெயர், எண் பெயர் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அதனால் பிப் 19.3 கூட அடையாளம் காணும். நான் அதற்கு மாறிவிட்டேன்.

பிப்புக்குப் பதில் காண்டா என்ற நிறுவல் கருவியைப் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். அறிவியல் கணிப்பு செய்கிறவர்களுக்கு அது நல்ல வழி, சி நூலகங்களையும் சேர்த்தே அது நிர்வகிக்கும். என் ஆட்களுக்குப் புதிதாக ஒரு ஏற்பாட்டைக் கற்றுத்தர எனக்கு மனமில்லை. பல பட்டறைகளில் சோதனைக் கணினிக்கு இணையமே கிடையாது. வீலைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய், இணையத்தைத் தேடாதே, இந்த அடைவில் பார் என்று பிப்பிடம் சொன்னால் போதும். ஒரு கோப்பு, ஒரு கட்டளை.

சுத்தமான பைத்தானில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை, அவர்களுடைய ஒரே வீல் எல்லா இடத்திலும் ஓடும். சி, சி++, சைத்தான், ரஸ்ட் என்று எதையாவது கம்பைல் செய்து பிறருக்குக் கொடுக்கிறீர்கள், அந்தப் பிறர் கணினி என்ன என்று உங்களுக்குத் தெரியாது என்றால், மறுயோசனை இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை, விண்டோஸ் பழுதுபார்ப்பு வரியை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததற்காக.

கணபதிக்காரர் இந்தப் பொங்கலுக்கு முன் புதுப் பதிப்பைத் தானே நிறுவிக்கொண்டார். "நாலு வரி வந்துச்சுங்க தம்பி, நின்னுபோச்சு. ஆயிருச்சுங்களா, இன்னும் ஏதாச்சும் பண்ணோணுங்களா?" என்று போன் செய்தார். "ஆயிருச்சுங்கண்ணா, கோப்பைத் தொறந்து பாருங்க" என்றேன். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. ஐந்து எச்பி பம்பு ஒன்றின் வரைபடம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருடைய மகன் விண்டோஸ் ஏஆர்எம் லேப்டாப் வாங்கப் போகிறானாம். ரன்னர் பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன், இதை எழுதும்போது அது கட்டிக்கொண்டிருக்கிறது.